பாராதைராய்டு ஸ்கேன்: மேலா கீழா என்பதற்கு முன் ஆழத்தைப் பாருங்கள்

பாபநாசம் பக்கத்தில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் ஒரு பெண், மூன்றாவது முறையாகக் கல்லடைப்பு என்று வந்து, இடுப்பும் காலும் குடைகிறது என்றும் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு முதலில் எழுத வேண்டியவை இரத்தக் கால்சியமும், கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் சுரந்து கால்சியத்தை ஏற்றும் பி.டி.எச். ஹார்மோனின் அளவும். கால்சியம் ஏறியிருக்கும்போது பி.டி.எச். அடங்கியிருக்க வேண்டும், அது அடங்காமல் இருந்து, சிறுநீரில் கால்சியம் குறைவாக வெளியேறும் பரம்பரைக் கோளாறும் இல்லையென்று 24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனையில் தெரிந்த பிறகே கழுத்துப் படத்துக்கு வர வேண்டும். படம் இடத்தைச் சொல்லுமே தவிர நோயைச் சொல்லாது. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்று நோயாளியைத் திருப்பி அனுப்புவதைப் பெருந்தவறாகவே கருதுகிறேன்.

பெரும்பாலோருக்குப் பாராதைராய்டு சுரப்பிகள் நான்கு. ஒவ்வொன்றும் 30 முதல் 50 மில்லிகிராம் எடையும் ஏறக்குறைய ஓர் அரிசிமணி நீளமும் கொண்டு, மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில் தைராய்டின் பின்புறத்தை ஒட்டியிருக்கும். கருவில் நான்காம் தொண்டைப் பையிலிருந்து மேற்சுரப்பியும், மூன்றாம் பையிலிருந்து, நெஞ்சுக்கு இறங்கும் தைமஸ் சுரப்பியுடன் சேர்ந்து கீழ்ச்சுரப்பியும் தோன்றுகின்றன. மேற்சுரப்பி அதிக தூரம் நகர்வதில்லை. குரல் நாண்களை இயக்கும் மீள் குரல்வளை நரம்பும் கீழ்த் தைராய்டு தமனியும் குறுக்கிடும் இடத்துக்குச் சுமார் 1 செ.மீ. மேலே, அந்த நரம்பு ஓடும் தளத்துக்குப் பின்னால் பெரும்பாலும் கிடைத்துவிடும். கீழ்ச்சுரப்பியோ, வாய்க்கால் தண்ணீரைப் போலத் தலைப்பிலேயே நின்றுவிடவும் செய்யும், கடைமடைக்கும் போய்ச் சேரும். தாடைக்குக் கீழிருந்து நெஞ்சுக்கூடு வரை அதைத் தேட வேண்டியிருக்கும். பாராதைராய்டு கட்டியால் அவதிப்பட்ட கப்பல் கேப்டன் சார்லஸ் மார்ட்டெல்லுக்கு 1932இல், ஏழாவது அறுவையில்தான், நெஞ்சுக்கூட்டுக்குள் கட்டி அகப்பட்டது. எங்கே அலைந்தாலும் கீழ்ச்சுரப்பி பொதுவாக நரம்புத் தளத்துக்கு முன்னால்தான் இருக்கும்.

புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். மேற்சுரப்பி கட்டியாகிப் பருத்தால், உணவுக்குழாயை ஒட்டிப் பின்பக்கமாகச் சரிந்து இறங்கும். முன்பக்கப் படத்தில் அது கீழ்ச்சுரப்பியைவிடத் தாழ்வாகக்கூடத் தெரியும். உயரத்தை மட்டும் பார்த்து ‘இடது கீழ்ச்சுரப்பி’ என்று அறிக்கை எழுதினால், அறுவை மருத்துவர் முன்தளத்தில் தைமஸைத் துழாவிக்கொண்டிருக்க, கட்டி நரம்புக்குப் பின்னால் பத்திரமாக இருக்கும்.

அல்ட்ராசவுண்டுக்குத் தோளின் கீழ் தலையணை வைத்துக் கழுத்தை நன்றாக நீட்டி, உயர் அதிர்வெண் புரோபைத் தாடைக்கடியிலிருந்து மார்பெலும்புக் குழி வரை இறக்கி, குழியில் கீழ்நோக்கிச் சாய்த்தும் பார்க்க வேண்டும். கட்டி கருமையாக, சீராகத் தெரியும்; அதன் ஒரு முனையில் இரத்தக் குழாய் நுழைவதை, இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரில் காணலாம். நிணநீர்க் கணுவில் குழாய் நடுவிலுள்ள வெண்மையான குழி வழியாக நுழையும் என்பதால், இந்த ஒரு வேறுபாடே பல குழப்பங்களைத் தீர்த்துவிடும். மூச்சுக்குழாய்க் காற்றின் நிழல் பின்பகுதியை மறைக்கும்போது, தலையை எதிர்ப்பக்கம் திருப்பச் செய்து, எச்சிலை விழுங்கச் சொன்னால் ஒளிந்திருக்கும் கட்டி சில சமயம் மேலெழும்பி வரும்.

செஸ்டாமிபி என்ற கதிரியக்க மருந்தைச் செலுத்தி எடுக்கும் ஸ்கேனில் 10 முதல் 15 நிமிடத்தில் ஒரு படமும் இரண்டு மணி நேரம் போல் கழித்து இன்னொன்றும் எடுப்பார்கள். முதல் பேருந்தில் ஊரிலிருந்து வருபவரிடம் வேலை முடிய மதியமாகலாம் என்று முன்பே சொல்லிவிடுவது நல்லது. தைராய்டில் மருந்து மங்கிய பிறகும் கட்டியில் தங்கும். தைராய்டு முடிச்சிலும் தங்கும் என்பதால் அல்ட்ராசவுண்டோடு ஒப்பிடாமல் நம்பக்கூடாது. ஆழம் தெரிய, இதையே சி.டி.யுடன் சேர்த்து முப்பரிமாணமாகக் காட்டும் ஸ்பெக்ட்-சி.டி. வேண்டும். அல்ட்ராசவுண்டும் செஸ்டாமிபியும் ஒத்துவராவிட்டால், சாய மருந்து செலுத்தி வெவ்வேறு நேரங்களில் படமெடுக்கும் நான்கு பரிமாண சி.டி. எடுக்கலாம், அதில் கட்டி தமனிக் கட்டத்தில் பளிச்சென்று ஒளிர்ந்து, பிறகு விரைவில் மங்கும்.

அறிக்கையில் பக்கம், அளவு, தோலிலிருந்து ஆழம், மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் முன்னா பின்னா என்பவற்றை எழுதிவிட்டு, அதன் பிறகே மேல், கீழ் என்ற சொற்களுக்கு வாருங்கள்.