தூக்கத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால்

நடுராத்திரியில் கெண்டைக்கால் சுண்டி இழுத்து, தொட்டுப் பார்த்தால் சதை கல்லாட்டம் உருண்டு நிற்குமே, அப்போது பலரும் முழங்காலை மடக்கிக்கொண்டு சதையைப் பிசைவார்கள். முதலில் காலை நீட்டுங்கள். கெண்டைக்காலின் பெரிய தசை முழங்காலுக்கு மேலே, தொடை எலும்பின் அடிமுனையில் தொடங்கி, குதிகால் நாண் வழியாகக் குதிகால் எலும்பில் போய் முடிகிறது, அதாவது முழங்கால், கணுக்கால் என்று இரண்டு மூட்டுகளைத் தாண்டுகிறது, அதனால் முழங்கால் மடங்கியிருந்தால் அது முழுசாக இழுபடாது.

முழங்காலை நேராக வைத்து, கால்விரல்களை முகத்தை நோக்கி வளையுங்கள். கை எட்டாதவர்கள் பாதத்தில் ஒரு துண்டைப் போட்டு இழுக்கலாம். கூடவே பாதத்தைத் தன் பலத்தாலும் மேலே தூக்கப் பாருங்கள். முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்கத் தசை சுருங்கும்போது கெண்டைக்கால் தசையைத் தளரச் சொல்லித் தண்டுவடமே உத்தரவு போடும். வெடுக்கென்று இழுக்க வேண்டாம், மெதுவாக இழுத்துப் பிடித்திருந்தால் போதும். அப்புறம் எழுந்து நாலு அடி நடங்கள்.

அடிக்கடி வருகிறதா? படுக்கும் முன் சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதிகால் தரையை விட்டு எழாமல் அரை நிமிஷம் முன்னால் சாயுங்கள். கனமான போர்வை பாதத்தைக் கீழே அழுத்தாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலி விடாமல் இருந்தால் அது வேறு விஷயம். ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்திருக்கலாம், பிசையாமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.