வேலை போன மாதத்தில் இன்சூரன்ஸ் எடுப்பது

என் கணவருக்கு வேலை போனது மார்ச் 12. நாங்கள் இருப்பது டெக்சாஸில். மருத்துவ இன்சூரன்ஸில் சேர வருஷத்துக்கு ஒரு முறை வரும் ஓபன் என்ரோல்மென்ட் ஜனவரியோடு முடிந்துவிட்டதே, இனி அடுத்த வருஷம்தான் என்று பயந்து பல நாளை வீணாக்கினேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். வேலை வழியாக வந்த இன்சூரன்ஸ் போனால் ஹெல்த்கேர்.கவ் என்ற அரசுத் தளத்தில் ஸ்பெஷல் என்ரோல்மென்ட், அதாவது இடையிலேயே சேரும் வாய்ப்பு உண்டு. வேலையை நாமே விட்டிருந்தாலும் உண்டு. பிரீமியம் கட்டாமல் ரத்தாகியிருந்தால் கிடையாது. நியூ ஜெர்சி, கலிபோர்னியா போன்ற மாநிலங்களுக்குத் தனித் தளம் இருக்கிறது.

முதலில் எச்.ஆரிடம் கேட்க வேண்டியது, கவரேஜ் எந்தத் தேதியோடு முடிகிறது என்பதுதான். எங்களுக்கு அது மார்ச் 31. பிளானைத் தேர்ந்தெடுக்க உங்களுக்கு இருக்கும் 60 நாளை அந்தத் தேதியிலிருந்து எண்ண வேண்டும், வேலை போன நாளிலிருந்து அல்ல. அதற்கு முந்தைய 60 நாளிலும் விண்ணப்பிக்கலாம். மார்ச் 31-க்குள் பிளானைத் தேர்ந்தெடுத்திருந்தால் ஏப்ரல் 1-லேயே கவரேஜ் தொடங்கியிருக்கும். நான் ஏப்ரல் 4-ஆம் தேதி தேர்ந்தெடுத்தேன், மே 1-தான் கிடைத்தது. நாலு நாள் தாமதத்துக்கு ஒரு மாதம் போயிற்று. வீட்டில் சின்னக் குழந்தை வேறு.

அந்த ஒரு மாதத்துக்குக் கைகொடுத்தது கோப்ரா கடிதம். பழைய இன்சூரன்ஸையே முழுப் பிரீமியமும் நாமே கட்டித் தொடரும் வழி அது, விலை அதிகம். ஆனால் முடிவெடுக்க 60 நாள் தருகிறார்கள், எடுத்தால் பழைய தேதியிலிருந்தே செல்லும். அதனால் பணம் கட்டாமல் கடிதத்தை மட்டும் பத்திரமாக வைத்திருந்தேன். குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தால் அப்போது கட்டியிருப்பேன். நல்லவேளை, தேவைப்படவில்லை.

கவரேஜ் முடிந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள், பிளான் எடுத்ததிலிருந்து 30 நாளுக்குள் அனுப்ப வேண்டும். எங்களுக்கு முதலில் வந்த கடிதத்தில் முடிவுத் தேதியே இல்லை, மறுபடி கேட்டு வாங்கினேன். எல்லோர் பெயரும் அதில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இடையில் ‘ஷார்ட் டெர்ம் பிளான்’ என்று குறுகிய காலத்துக்கான இன்சூரன்ஸைப் போனில் மலிவாகச் சொல்வார்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கு அதில் பணம் தராமல் மறுக்கலாம். சர்க்கரை, பிரஷர் இருப்பவர்கள் தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். வருமானம் நின்றுவிட்டதென்றால் குழந்தைகளுக்கு மெடிகெய்ட், சிப் என்ற அரசு இன்சூரன்ஸ் கிடைக்குமா என்று அதே விண்ணப்பத்தில் தெரிந்துவிடும். அவற்றுக்கு வருஷம் முழுதும் சேரலாம்.

பிளானைத் தேர்ந்தெடுத்ததோடு நிறுத்தாதீர்கள், முதல் மாதப் பிரீமியம் கட்டினால்தான் கவரேஜ் தொடங்கும். நான் கட்டிய அன்றே குழந்தை டாக்டரின் அலுவலகத்துக்குப் போன் செய்து, இந்தப் பிளானை வாங்கிக்கொள்வார்களா என்று கேட்டு உறுதி செய்துகொண்டேன்.