ஜிம் தரை பிசுபிசுப்பு: என் அனுபவம்

வேளச்சேரியில் சின்னதாக ஒரு ஜிம் வைத்திருக்கிறேன். தினமும் ஃபினாயில் ஊற்றித் துடைத்தும் கறுப்பு ரப்பர் பாயில் ஷூ ஒட்டும். காய்ந்தால் வெள்ளைப் படலம், கூடவே ஒரு புளித்த வாடை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டம்பெல் ரேக்கை நகர்த்தி, ஓரத்துப் பாயைத் தூக்கினேன். அடியில் தண்ணீர் தேங்கி, சிமெண்ட் தரை முழுக்கப் பூஞ்சை. வாடை அங்கிருந்துதான்! அன்று மனசு கனத்துவிட்டது. இதன் மேல்தானே எல்லாரும் படுத்து பிளாங்க் செய்கிறார்கள்.

ஃபினாயிலில் இருக்கும் எண்ணெயை ரப்பர் உறிஞ்சி இளகிவிடும், ஷூ ஒட்டியது அதனால்தான். வெள்ளைப் படலம் நாங்கள் துடைக்க எடுத்த போர்வெல் தண்ணீரின் உப்பு.

பாய்களை எல்லாம் கழற்றி, ஒரு வாளி மெட்ரோ தண்ணீருக்குச் சில சொட்டு பாத்திரம் தேய்க்கும் திரவம் கலந்து, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்தேன். சோப்பு மிச்சமிருந்தால் திரும்பவும் பிசுபிசுக்கும், அதனால் இரண்டு முறை அலசினேன். மொட்டைமாடி வெயிலில் போடவில்லை, கடும் வெயில் பட்டுக்கொண்டே இருந்தால் ரப்பரில் விரிசல் விழும். ஃபேன் காற்றிலேயே இரண்டு நாள் காய்ந்தது.

இப்போது முதலில் தூசியை எடுத்துவிட்டு, ஒட்டப் பிழிந்த மாப்பால்தான் துடைக்கிறோம். பிளீச்சிங் பவுடர் பக்கமே போவதில்லை. மழைக்காலத்தில் மட்டும் மாதம் ஒருமுறை ஓரத்துப் பாயைத் தூக்கிப் பார்த்துவிடுகிறேன்.