கிராம் சாயமேற்றம்: மூன்றாவது படியில் கவனம்

பாக்டீரியாக்களை ஊதா (கிராம் பாசிட்டிவ்), இளஞ்சிவப்பு (கிராம் நெகட்டிவ்) என இரு வகையாகப் பிரித்துக் காட்டும் கிராம் சாயமேற்றம் நுண்ணுயிரியல் செய்முறையில் கெட்டுப்போவது பெரும்பாலும் மூன்றாவதான நிறம் நீக்கும் படியில்தான். முதலில் இடும் ஊதாச் சாயமான கிரிஸ்டல் வயலெட்டுக்கு ஒரு நிமிடம், அதைப் பிடித்துவைக்கும் அயோடினுக்கு ஒரு நிமிடம். அங்கே சில நொடிகள் கூடினாலும் பெரிய பாதகமில்லை. நிறம் நீக்கும் ஆல்கஹாலோ அசிட்டோனோ அப்படி விட்டுக்கொடுக்காது. ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்துத் துளித்துளியாக விடுங்கள். வழியும் திரவத்தில் ஊதா நிறம் நின்றதுமே தண்ணீரில் கழுவிவிட வேண்டும். தாமதித்தால் கிராம் பாசிட்டிவான ஸ்டஃபிலோகாக்கஸ்கூட, கடைசியில் இடும் சிவப்புச் சாயமான சஃப்ரனினை ஏற்று இளஞ்சிவப்பாகி, கிராம் நெகட்டிவ் வேடம் போடும். கடிகாரத்தை விட்டுவிட்டு ஸ்லைடின் கீழ் விளிம்பைப் பாருங்கள்.

ஸ்லைடில் தடவிய பாக்டீரியாப் பூச்சு தடித்துவிட்டால் எந்தக் கணக்கும் எடுபடாது. காய்ந்த பூச்சின் வழியே அடியிலுள்ள அச்செழுத்தைப் படிக்க முடிந்தால் சரி.

இன்னொன்று, பலரும் சோம்பல்பட்டு விட்டுவிடுவது: ஒப்பீட்டுக்காக அதே ஸ்லைடின் ஓர் ஓரத்தில் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ், மறு ஓரத்தில் கிராம் நெகட்டிவான ஈ. கோலை தடவுவது. முன்னது ஊதாவாகவும் பின்னது இளஞ்சிவப்பாகவும் தெரிந்தால் நடுவில் இருக்கும் உங்கள் மாதிரியின் முடிவை நம்பலாம். 18 முதல் 24 மணி நேர வளர்ப்பையே எடுங்கள். பழைய வளர்ப்பில் கிராம் பாசிட்டிவ் செல்களின் சுவர் சிதைந்து, ஊதாச் சாயம் நழுவிவிடும்.

நுண்ணோக்கியில் எண்ணெய் விட்டுப் பார்த்தபின் 40 மடங்கு லென்ஸைத் திருப்பாதீர்கள், அதில் எண்ணெய் ஒட்டினால் துடைப்பது பெரும்பாடு.