தமிழ் எழுதும் கைக்கு ஜப்பான் பேனை: மலைநாட்டில் வாங்குவதும் வைத்திருப்பதும்

ஜப்பான் மைப்பேனை வாங்க நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது அதன் நிறத்தை. பிறகு மூடியிலுள்ள தங்க வளையத்தை. நான் கேட்பது ஒன்றுதான்: நிப்பு என்ன அளவு? ஒரு பேனையோடு ஆயுள் முழுக்க வாழ்வதா, ஒரு மாதத்தில் அலுமாரிக்குள் போடுவதா என்பதை அந்த அளவுதான் தீர்மானிக்கிறது.

ஹட்டன் பக்கத்துப் பாடசாலையொன்றில் தமிழ் படிப்பிக்கிறேன். பாடக்குறிப்பு, வரவு இடாப்பு, பிள்ளைகளின் கட்டுரைக் கொப்பி என்று நாள் முழுக்க எழுத்துதான். 'ணை', 'ஞ', 'றூ' போன்ற எழுத்துகளைத் தடித்த நிப்பால் சி.ஆர். கொப்பியின் கோட்டுக்குள் எழுதிப் பாருங்கள். சுழிகள் எல்லாம் மை நிரம்பி அடைபட்டுப் போகும். ஜப்பான்காரர்களுக்கும் இதே சிக்கல், நம்மைவிட மோசமாகவே உண்டு. மனச்சோர்வைக் குறிக்கும் அவர்களுடைய சித்திர எழுத்து ஒன்றுக்கு 29 கோடுகள். அதையும் ஒரு சிறு கட்டத்துக்குள் அடக்கியாக வேண்டும். அதனால்தான் அவர்கள் நிப்பை மெலிதாகச் செய்யப் பழகினார்கள். பெரும்பாலும் ஜப்பான் நிப்பு ஐரோப்பிய நிப்பைவிட ஒரு அளவு மெலிது. அவர்களுடைய 'எஃப்' (மெலிது), ஐரோப்பியப் பேனையின் 'ஈஎஃப்' (மிக மெலிது) அளவுக்கு அருகில் வரும். 'எம்' (நடுத்தரம்) வாங்கினாலும் தமிழ் எழுத்தின் சுழி திறந்தே இருக்கும்.

கொப்பிக் கோட்டுக்குள் நடுத்தர அளவில் எழுதும் கைக்கு 'எஃப்' போதும். பொடியாக எழுதுபவருக்கு 'ஈஎஃப்'. பெரிதாக எழுதுபவரும் அதிகம் கையெழுத்து வைப்பவரும் 'எம்' எடுக்கலாம். பிளாட்டினம் கம்பனியில் 'யூஈஎஃப்' என்று ஊசி போன்ற ஒரு நிப்பு உண்டு. நமது கடைக் கொப்பித் தாளுக்கு அதை நான் சொல்லமாட்டேன். தாளின் நாரைக் கிளப்பி வாயில் அடைத்துக்கொள்ளும். 'எஸ்எஃப்', 'எஃப்ஏ' போன்ற மென்மையான நிப்புகளுக்கும் அவசரப்படவேண்டாம். குமிழ்முனைப் பேனையால் எழுதிப் பழகிய கை அழுத்தும். அந்த அழுத்தம் போக ஒரு தவணையாவது சாதாரண நிப்பால் எழுதவேண்டும்.

போன வருடம் உயர்தரம் எழுதிய ஒரு பிள்ளை, "டீச்சர், முதல் பேனையா எதை வாங்கட்டும்?" என்று கேட்டாள். "கக்குனோ வாங்கு மகள். தங்க நிப்பெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றேன். பைலட் 2013இல் சிறுவர்களுக்காகக் கொண்டுவந்த பேனை அது. பிடிக்கும் இடம் முக்கோணம். விரல் தானாகச் சரியான இடத்தில் உட்காரும். நிப்பில் ஒரு சின்ன முகம் வரைந்திருக்கும். அது உங்களைப் பார்த்தால் நிப்பைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். பெட்டியில் கார்ட்ரிட்ஜ், அதாவது மை அடைத்த குழாய், ஒன்றுதான் வரும். போத்தல் மை ஊற்ற வேண்டுமென்றால், மையை உறிஞ்சி நிரப்பும் குழாயான கன்வேட்டரைத் தனியாக வாங்கவேண்டும். ஜப்பானின் மூன்று பெரிய கம்பனிகளில் ஒன்றின் கன்வேட்டர் இன்னொன்றின் பேனைக்குச் சேராது. பைலட்டுக்குப் பைலட், பிளாட்டினத்துக்குப் பிளாட்டினம், செய்லருக்குச் செய்லர்தான். இங்கே அவசரத்துக்கு ஓடிப்போய் வாங்க முடியாத பொருள் என்பதால் பேனை வாங்கும்போதே ஒன்று கூடுதலாக எடுத்துவிடுங்கள். இன்னும் மலிவாக வேண்டுமென்றால் பிளாட்டினம் பிரெப்பி இருக்கிறது. அதில் '03' என்றால் மெலிது, '05' என்றால் நடுத்தரம்.

தங்க நிப்புக்கு வரும்போது மூன்று கம்பனிகளின் குணத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. செய்லர் 1911இல் ஹிரோஷிமாப் பக்கம் குரே துறைமுக நகரில் தொடங்கியது. பைலட் 1918இல் நமிக்கி என்ற பெயரில் தொடங்கியது. அதை ஆரம்பித்த ரியோசுகே நமிக்கி கப்பல் பொறியியலாளராக இருந்து, பின்பு கப்பற் கல்லூரியில் படிப்பித்தவர். ஓர் ஆசிரியர் தொடங்கிய கம்பனி என்பதில் எனக்கு ஒரு தனிப் பற்று. பிளாட்டினம் 1919.

பைலட் நிப்பு வழுக்கிக்கொண்டு ஓடும், மை தாராளமாக வரும். செய்லர் நன்றாகச் சீவிய பென்சில் போலத் தாளோடு உரசிப் பேசும். அதன் 21 கரட் நிப்பு பிடித்துப்போனவருக்கு வேறொன்றும் பிடிக்காது. பிளாட்டினம் 3776 சற்று விறைப்பு, ஆனால் கோடு மிகச் சுத்தம். 3776 என்பது பியூஜி மலையின் உயரம், மீற்றரில். 2011இல் வந்த 3776 செஞ்சரியின் மூடிக்குள் வில்லோடு கூடிய இன்னொரு உள்மூடி இருக்கிறது. பேனையை மூடியதும் அது நிப்பைக் காற்றுப் புகாமல் அடைத்துக்கொள்ளும். மை இரண்டு வருடம் காயாது என்று கம்பனி சொல்கிறது. நாலைந்து பேனை வைத்து மாற்றி மாற்றி எழுதுபவருக்கு இது பெரிய நிம்மதி. எனவே சேகரிப்பின் முதல் தங்க நிப்பாக 3776ஐத்தான் சொல்வேன். ஒரே ஒரு பேனைதான், தினமும் எழுதப்போகிறேன் என்பவருக்குப் பைலட் கஸ்டம் 74. அதற்குச் சேரும் கொன்-70 கன்வேட்டர் ஏறத்தாழ ஒரு மில்லிலீற்றர் மை பிடிக்கும். பரீட்சை விடைத்தாள் திருத்தும் காலத்தில் அதன் அருமை தெரியும்.

பைலட் கஸ்டம் பேனைகளின் எண்ணை வாசிக்கவும் பழகிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு இலக்கம், கம்பனி தொடங்கி எத்தனையாவது வருடத்தில் அந்த மாதிரி வந்தது என்பதைச் சொல்லும். 74 என்றால் 1992. மூன்றாவது இலக்கம் இருந்தால் அது முதலில் வைத்த விலை: 742 இருபதினாயிரம் யென், 743உம் 823உம் முப்பதினாயிரம். இன்றைய விலை அதைத் தாண்டிவிட்டது. ஆனாலும் எது எதைவிட மேலானது என்று அறிய இந்த எண் உதவும்.

இனி, மலையில் இருப்பவர்கள் மட்டும் படும் பாடு ஒன்று. கொழும்பில் மை நிரப்பிய பேனையோடு கித்துல்கல, கினிகத்தேனை வழியாக ஹட்டன் பஸ்ஸில் ஏறி வருகிறீர்கள். வீட்டுக்கு வந்து மூடியைக் கழற்றினால் உள்ளெல்லாம் மை. பேனையில் ஒரு குறையும் இல்லை. மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறைகிறது. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அழுத்தம் கொழும்பைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கன்வேட்டருக்குள் இருக்கும் காற்று விரிந்து, தனக்கு முன்னால் இருக்கும் மையைத் தள்ளுகிறது. பாதி நிரம்பிய பேனையில் காற்று அதிகம், அதனால் கசிவும் அதிகம். ஆகவே ஏறும் பயணத்துக்கு ஒன்றில் பேனையை முழுக்க நிரப்புங்கள், அல்லது முழுக்கக் காலி செய்யுங்கள். சட்டைப் பையிலோ கைப்பையிலோ நிப்பு மேலே பார்க்க நிறுத்தி வையுங்கள். அப்போது மை கீழே இறங்கிவிட, வெளியேறுவது வெறும் காற்றாக இருக்கும். வீட்டில் திறக்கும்போதும் நிப்பை மேலே பிடித்துத் திறந்து, ஒரு டிசுவால் துடைத்துவிட்டு எழுதத் தொடங்குங்கள். இறங்கும் பயணத்தில் இந்தத் தொல்லை இல்லை. உள்ளே காற்று சுருங்கும், அவ்வளவுதான்.

அடிக்கடி கோச்சியிலும் பஸ்ஸிலும் ஏறி இறங்குபவருக்குப் பைலட் கஸ்டம் 823 ஒரு வரம். அதன் வால் திருகியை இறுக்கிவிட்டால் மைக் கூட்டுக்கும் நிப்புக்கும் இடையிலான வழி அடைபட்டுவிடும். நிறைய எழுதும்போது மட்டும் திருகியைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளவேண்டும். இதற்கு நேரெதிர், பிரெப்பியின் உடம்புக்குள் நேரடியாக மை ஊற்றிப் பாவிக்கும் முறை. திருகு மரையில் சிலிக்கன் கிறீஸ் பூசி அப்படிச் செய்யலாம், மையும் பல நாள் வரும். ஆனால் பாதி காலியானதும் உள்ளே காற்று நிறைந்து, கைச்சூட்டுக்கே சொட்டு விழும். மலை ஏறினால் சொல்லவே வேண்டாம்.

அடுத்தது ஈரம். மஸ்கெலியாப் பக்கமெல்லாம் வைகாசியிலிருந்து புரட்டாதிவரை மழையும் பனிமூட்டமும்தான். தாள் அந்த ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வெயில் காலத்தில் ஒழுங்காக இருந்த அதே கொப்பியில் மை வேர்விட்டுப் பரவும். எழுதாத கொப்பிகளை நன்றாக வாய்கட்டிய பொலித்தீன் பையில் வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். மெல்லிய நிப்பு மீதிப் பாதியைத் தீர்க்கும். ஜப்பானின் டொமோயே ரிவர் தாளைப் பற்றிப் பலரும் புகழ்வார்கள். 52 கிராம் தாளில் மையின் நிறம் அத்தனை அழகாகத் தெரியும். ஆனால் அதில் மை காயச் சுணங்கும். மழைக்காலத்தில் பக்கத்தைத் திருப்பினால் எதிர்ப் பக்கத்தில் ஒட்டும். கடிதம் எழுத வைத்துக்கொள்ளுங்கள், அன்றாட வேலைக்கு வேண்டாம்.

மை போத்தலுக்கும் ஈரம் ஆகாது. பூஞ்சணம் பிடிக்கும். திறந்ததும் வழக்கமில்லாத வாடை அடித்தாலோ, மேலே பாலாடைபோல் ஏதும் மிதந்தாலோ, அந்த மையை இரக்கப்படாமல் ஊற்றிவிடுங்கள். அதைத் தொட்ட பேனையையும் நன்றாகக் கழுவுங்கள். பேனைக்குள் மிஞ்சிய மையை ஒருபோதும் போத்தலுக்குள் திரும்ப விடாதீர்கள், பூஞ்சணம் போவது அந்த வழியாகத்தான். இடாப்புக்கு நான் பாவிப்பது பைலட் நீலக்கறுப்பு. தண்ணீர் பட்டாலும் வாசிக்கக்கூடிய அளவுக்கு நிற்கும். பிளாட்டினத்தின் நீலக்கறுப்பு இரும்புச் சத்துள்ள பழைய வகை. தாளில் ஏறிக் கறுக்கும், அழியாது. ஆனால் உருக்கு நிப்புள்ள பேனையில் அதை நாள்கணக்காக விட்டுவைக்கக்கூடாது. பிளாட்டினம் கார்பன், செய்லர் கிவாகுரோ இரண்டும் துகள் மை. தினமும் எழுதும் பேனைக்கு மட்டும் ஊற்றுங்கள். உள்ளே காய்ந்தால் எடுப்பது கஷ்டம். கண்ணுக்கு அழகு வேண்டுமென்றால் 2007இல் பைலட் தொடங்கிய இரோஷிசுக்கு வரிசை. யாராவது ஜப்பானிலிருந்து வரும்போது சொல்லியனுப்புங்கள். அதன் 50 மில்லிலீற்றர் போத்தல், விமானக் கைப்பைக்கு விதித்த 100 மில்லிலீற்றர் எல்லைக்குள் அடங்கும்.

கழுவுவதற்குச் சாதாரணத் தண்ணீர் போதும். மை நிறம் மாற்றும்போதும், மாதம் ஒருமுறையும். பிடிவாதமான கறைக்கு ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம். சுடுதண்ணீர் வேண்டாம், ஸ்பிரிட் வேண்டவே வேண்டாம். கழுவியதும் நிப்பு கீழே பார்க்கப் பருத்தித் துணியில் சுற்றி ஒரு இரவு வையுங்கள். பனிக்காலத்தில் இரண்டு இரவு.

பணம் குறைவாக இருந்து தங்க நிப்பு ஆசையிருந்தால் 1960களிலும் 70களிலும் ஜப்பானில் வந்த குட்டிப் பேனைகளைத் தேடுங்கள். உடம்பு கட்டை, மூடி நீளம். மூடியைப் பின்னால் செருகினால் முழுப் பேனையாகிவிடும். மூன்று கம்பனிகளும் செய்தன. பெரும்பாலானவற்றில் 14 அல்லது 18 கரட் நிப்பு. நாகோயாவில் வேலை செய்யும் என் தம்பி பழைய சாமான் கடைகளில் பார்த்துப் படம் அனுப்புவான். "அக்கா, இது சரியா?" என்று அவன் கேட்டால் நான் முதலில் கேட்பது நிப்பின் நுனியை நேர்முன்னாலிருந்து எடுத்த படம். நடுப்பிளவின் இருபுறமும் உள்ள இரண்டு பல்லும் ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும். நுனியில் வெள்ளி நிறக் குண்டுமணி இரண்டு பக்கமும் சமமாக இருக்கவேண்டும். ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் அது முன்பு எழுதியவரின் கைக்குப் பழகிய நிப்பு, விட்டுவிடுங்கள். பழைய பைலட் நிப்பில் சிறிய எழுத்தும் எண்ணும் இருக்கும். 'எச் 474' என்றால் ஹிரட்சுக்கா தொழிற்சாலை, 1974 ஏப்ரில். விற்பவர் சொல்லும் வயது சரியா என்று அதிலே பார்க்கலாம். கையில் கிடைத்த பேனையைச் சோதிக்கப் பத்து மடங்கு காட்டும் லூப் ஒன்று வாங்குங்கள், இரத்தினபுரி மாணிக்க வியாபாரிகள் பாவிக்கும் அதே கண்ணாடி. அந்தக் கட்டை உடம்புக்கு இன்று கன்வேட்டர் கிடைப்பது அரிது. காலி கார்ட்ரிட்ஜில் பாமசியில் வாங்கிய ஊசியால் மை ஏற்றிக்கொள்ளலாம்.

வைத்திருக்கும் இடம் பற்றிக் கொஞ்சம். தோல் உறை மலைநாட்டுக்கு ஆகாது, பூஞ்சணம் பிடித்துப் பேனையின் கிளிப்பையும் கெடுக்கும். பிஸ்கட் தகரத்தில் பருத்தித் துணி விரித்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைப்பது நல்லது. பொட்டலத்தை அவ்வப்போது மாற்றவேண்டும். கந்தகம் சேர்த்து இறுக்கிய இறப்பரால் செய்த எபனைட் பேனை, ஈரமும் வெளிச்சமும் சேர்ந்தால் கறுப்பிழந்து பழுப்பாகும். அதை எப்போதும் இருட்டில் வையுங்கள். உருஷி என்ற மரப்பாலைப் பூசிய பேனைக்கு நமது ஈரம் பகையல்ல. அந்தப் பூச்சு ஈரக்காற்றில்தான் இறுகுகிறது. அதற்காகவே கைவினைஞர்கள் அதை ஈரப்பதமான பெட்டிக்குள் வைத்துக் காயவிடுகிறார்கள். அதற்குப் பகை நேர் வெயில். பிளாட்டினத்தில் இருந்த கைவினைஞர்கள் செய்யும் நகாயா பேனைகள் இந்த வகை. அந்த விலைக்குப் போகுமுன் மூன்று கம்பனியின் நிப்பிலும் எழுதிப் பார்த்து, எது உங்கள் கை என்று தெரிந்திருக்கவேண்டும். தெரியாமல் வாங்கிய விலையுயர்ந்த பேனை தகரத்துக்குள்ளேயே கிடக்கும்.

ஒரே நேரத்தில் மூன்றுக்கு மேல் மை ஊற்றி வைக்காதீர்கள். ஒரு சின்னக் கொப்பியில் எந்தப் பேனை, எந்த மை, எந்தத் திகதி என்று அந்தப் பேனையாலேயே எழுதி வையுங்கள். எது கழுவும் நாளைத் தாண்டிவிட்டது என்று உடனே தெரியும்.

பேனை நிப்பு கீழாக விழுந்து வளைந்துவிட்டால் குறடு எடுக்கவேண்டாம். தங்க நிப்பென்றால் ஜப்பானுக்குப் போகும் யாரிடமாவது கொடுத்து அனுப்புங்கள். அதுவரை மூடி வையுங்கள். பைலட்டின் மெட்ரோபொலிட்டன், பிரேரா போன்ற உருக்கு நிப்புப் பேனையென்றால் இன்னொரு கக்குனோ வாங்குங்கள். அதன் நிப்பை, அதற்கு அடியில் மை கொண்டுவரும் நாக்கோடு சேர்த்து நேராக இழுத்தால் கழன்று வரும், மற்றப் பேனைக்கு அப்படியே பொருந்தும். ஈரத் துணியால் பிடித்துத் திருகாமல் இழுக்கவேண்டும். திரும்பச் செருகும்போது நாக்கு பழைய பள்ளத்தில் உட்காருகிறதா என்று பார்த்து அழுத்துங்கள்.