ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லையா?

கம்ப்யூட்டரின் பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, மானிட்டர் மட்டும் கறுப்பாகவே இருக்கிறது என்றால் மதர்போர்டு (உள்ளே இருக்கும் முக்கிய சர்க்யூட் பலகை) போய்விட்டது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். மானிட்டர் கேபிள் சரியாக இருந்தால், பழைய டெஸ்க்டாப்களில் நான் முதலில் சந்தேகப்படுவது ரேமைத்தான், அதாவது மதர்போர்டில் செருகியிருக்கும் நீளமான நினைவகப் பட்டையை.

பிளக்கைக் கழற்றிவிட்டு பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள், மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். அப்புறம் கேபினெட்டின் இரும்புப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு, ஓரத்துப் பிடியை விலக்கி ரேமை வெளியே எடுங்கள். கீழ்விளிம்பில் இருக்கும் பொன்னிறப் பட்டைகள் மங்கிப்போயிருந்தால், பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள்களைப் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். வாயால் ஊதாதீர்கள், ஈரம் படும். திரும்பப் பொருத்தும்போது பிடி 'டக்' என்று விழ வேண்டும். அரைகுறையாக நின்றால் மறுபடியும் அதே கறுப்புத் திரைதான். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள், எது பழுது என்று தெரிந்துவிடும்.

கம்ப்யூட்டர் ஆன் ஆகிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் தேதி பல வருடம் பின்னால் போய்விடுகிறதா? மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரியை மாற்றுங்கள். 3 வோல்ட், வாட்ச் கடையிலேயே கிடைக்கும். பவர் சப்ளை பெட்டியை மட்டும் வீட்டில் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஷாக் அடிக்கலாம்.