ஸ்டாக் தீரும் முன்பே கண்டுபிடிப்பது எப்படி?

சி மொழியில் குட்டி இன்டர்பிரட்டர் (வேறொரு நிரலைப் படித்து ஓட்டும் நிரல்) ஒன்று எழுதியிருக்கிறீர்கள். நன்றாகவே ஓடுகிறது. ஒருநாள் யாரோ தன்னையே முடிவில்லாமல் அழைக்கும் ஃபங்ஷனைக் கொடுக்கிறார். 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று ஒரே வரி. எந்த இடத்தில் பிழை என்று சொல்லக்கூட முடியாமல் இன்டர்பிரட்டரே செத்துவிடுகிறது. ஒவ்வொரு ஃபங்ஷன் அழைப்பும் ஸ்டாக் என்ற நினைவகப் பகுதியில் கொஞ்சம் இடம் எடுக்கும்; அது தீர்ந்துபோனதுதான் காரணம்.

அழைப்புகளை எண்ணி, ஓர் எல்லையில் நிறுத்தலாம். பைத்தானின் வழக்கமான எல்லை 1000. எண்ணுவது சுலபம்தான். ஆனால் எல்லா அழைப்பும் ஒரே அளவு இடம் எடுப்பதில்லை. பிழை தேடுவதற்காகக் கம்பைல் செய்யும் டீபக் பில்டில் அதே ஃபங்ஷன் இன்னும் அதிகம் விழுங்கும். அதனால் பைட்டுகளை அளப்பதே எனக்குப் பிடித்த வழி.

முதலில், மெயின் ஃபங்ஷன் தொடங்கியதும் ஒரு லோக்கல் மாறியின் (அது ஸ்டாக்கில்தான் இருக்கும்) முகவரியை முழு எண்ணாக மாற்றி, குளோபல் மாறியில் வையுங்கள். பாயின்டராகவே வைத்துக் கழிக்காதீர்கள். சம்பந்தமில்லாத இரண்டு பாயின்டர்களைக் கழித்தால் வரும் விடைக்கு சி மொழி பொறுப்பேற்காது.

அடுத்து, ஸ்டாக் மொத்தம் எவ்வளவு என்று கெட்ஆர்லிமிட் (getrlimit) என்ற சிஸ்டம் ஃபங்ஷனைக் கேளுங்கள். லினக்ஸில் பெரும்பாலும் 8 எம்பி வரும். 'எல்லையே இல்லை' என்றும் பதில் வரலாம். அதை நம்பாமல் 8 எம்பி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, கோவையை (எக்ஸ்பிரஷனை) மதிப்பிடும் ஃபங்ஷனுக்குள் நுழையும்போதெல்லாம் அங்குள்ள லோக்கல் மாறியின் முகவரியை எடுங்கள். எக்ஸ்86-இலும் ஆர்மிலும் ஸ்டாக் கீழ்நோக்கி வளரும். ஆக, தொடக்க முகவரியிலிருந்து இதைக் கழித்தால் செலவானது கிடைக்கும். மொத்தத்திலிருந்து அதைக் கழித்தால் மிச்சம். ஒரு கழித்தல், ஓர் ஒப்பீடு, வேகம் ஒன்றும் குறையாது. நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசர் போட்டு ஓட்டினால் மட்டும் லோக்கல் மாறி வேறு இடத்தில் உட்கார்ந்து கணக்கைக் குழப்பக்கூடும். அப்போது ஃப்ரேம் (ஓர் அழைப்புக்கு ஸ்டாக்கில் ஒதுக்கிய இடம்) முகவரியைத் தரும் கம்பைலர் பில்ட்இன்னைப் பயன்படுத்துங்கள்.

மிச்சம் 256 கேபிக்குக் கீழே போனால் பிழையை எழுப்புங்கள். பூஜ்ஜியம் வரை காத்திருக்கக் கூடாது: பிழைச் செய்தியை அச்சிடும் ஃபங்ஷனுக்கும் ஸ்டாக் வேண்டுமே! நிரலுக்குக் கொடுத்த ஆர்க்யுமென்டுகளும் சூழல் மாறிகளும்கூட அந்த 8 எம்பிக்குள்தான் அடங்கும்.

த்ரெட் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலை) இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்டாக், தனித் தொடக்க முகவரி, தனி அளவு. மேக்கில் மெயின் அல்லாத த்ரெட்டுக்கு 512 கேபிதான்.

சரி, சோதித்துப் பார்க்கலாம். முடிவில்லா ஃபங்ஷனைக் கொடுங்கள். அப்புறம் ஒரு லட்சம் இடது அடைப்புக்குறிகளை வரிசையாகக் கொடுங்கள். இரண்டாவதில் செத்தால், நிரலின் உரையைப் பிரித்துப் படிக்கும் பார்சரில் இதே சோதனையைப் போட மறந்துவிட்டீர்கள்.